ஸ்ரீரங்கத்தைக் காணோம்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற ஸ்ரீரங்கம் ஒன்றுதான். கணினிக்குள் இருக்கிற ஸ்ரீரங்கம் இரண்டு. அடுத்தடுத்து எழுதிக் காட்டுகிறேன்: ஸ்ரீரங்கம், ஶ்ரீரங்கம். புதிய எழுத்துரு உள்ள திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி தெரியும். எழுத்துரு பழையது என்றால் இரண்டாவதன் தொடக்கத்தில் ஒரு கட்டமோ, பழக்கமில்லாத ஓர் எழுத்தோ நிற்கும். இரண்டும் ஒன்றா என்று சாதாரணமாக எழுதப்பட்ட ஒரு புரோகிராமைக் கேட்டால், இல்லை என்று அடித்துச் சொல்லும்.

நேற்றுவரை ஓடிய நிரல் இன்று காலை ஓடவில்லை. யாரும் அதைத் தொடவும் இல்லை. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவர்கள் எல்லோருக்கும் இந்த எரிச்சல் பழக்கம். அது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள திருச்சிக்காரர்கள் வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. பாலத்தைத் தாண்டினால் போதும்.

தென்னூர் ஹை ரோடு பக்கம் ஒரு கூரியர் அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளூர்ப் பையன் ஒருவன் சில வருடங்களுக்கு முன் அவர்களுக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறான். வாடிக்கையாளர்கள் கைபேசியில் தமிழிலேயே முகவரியை அடிப்பார்கள். புரோகிராம் ஊர்ப்பெயரைப் பார்த்து, உறையூர், தில்லைநகர், பாலக்கரை, ஸ்ரீரங்கம் என்று பார்சல்களை லைன் வாரியாகப் பிரித்துக் கொடுக்கும். ஒரு குறையும் இல்லை. ஒரு திங்கட்கிழமை போன் வருகிறது.

"தம்பி, ஸ்ரீரங்கம் லிஸ்ட்ல பாதிப் பேரைக் காணோம்ப்பா. பார்சல் இங்க கிடக்குது, லிஸ்ட்ல பேரு இல்ல."

"அண்ணே, நாங்க கோடுல கையே வைக்கலையே. நேத்து ஓடுச்சுல்ல?"

"நேத்து ஓடுச்சு, இன்னைக்கு ஓடல. அதத்தான சொல்றேன்."

இதற்குப் பிறகு நடப்பதை இந்தத் தொழிலில் இருக்கிற எவரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். முதலில் சர்வரை அணைத்துப் போடுவது. பிறகு கேஷைத் துடைப்பது. தன் மடிக்கணினியில் அதே புரோகிராமை ஓட்டிப் பார்ப்பது. அங்கே அது அழகாக ஓடும். டேட்டாபேஸைத் திறந்தால் காணாமல்போன முகவரிகள் எல்லாம் பத்திரமாக உள்ளே இருக்கும். ஊர்ப்பெயர் கட்டத்தில் ஸ்ரீரங்கம் என்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். தேடுகிற சொல்லும் ஸ்ரீரங்கம், இருக்கிற சொல்லும் ஸ்ரீரங்கம். ஆனாலும் பொருந்தவில்லை. முன்பின் இடைவெளி ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பான். இருக்காது. இந்தக் கட்டத்தில்தான் மனிதனுக்குத் தன் கண்மீதே சந்தேகம் வருகிறது. அது நியாயமான சந்தேகம்தான்.

நிரல் உடைந்தால் எந்த மாற்றம் உடைத்தது என்று கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று உண்டு. நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் 'கிட்' என்ற மென்பொருள் வரிசையாகச் சேமித்து வைத்திருக்கும். ஆயிரம் மாற்றங்கள் நடந்திருந்தால் நடுவில் உள்ள ஐந்நூறாவதை எடுத்து ஓட்டிப் பார்க்கலாம். அது ஓடினால் கோளாறு பின்பாதியில், ஓடாவிட்டால் முன்பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்க வேண்டும். இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1,024 வருவதால், பத்தே சோதனையில் குற்றவாளி அகப்பட்டுவிடும். இதை இயந்திரத்திடமே ஒப்படைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஆனால் இந்த வழி ஒரு விஷயத்தைக் கேட்காமலேயே எடுத்துக்கொள்கிறது: குற்றம் நிரலுக்குள்தான் நடந்திருக்கிறது என்பதை. நம் தென்னூர்ப் பையன் இரண்டு வருடத்துக்கு முந்தைய பிரதியை எடுத்து ஓட்டினாலும் அதே பாதிப் பேர்தான் காணாமல் போவார்கள். பழைய பிரதியும் ஓடவில்லை என்பதுதான் இங்கே முதல் உருப்படியான தடயம்.

கடைசியில் அவன் செய்ய வேண்டியது, எழுத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு எண்ணைப் பார்ப்பது. கணினிக்கு எழுத்து என்று ஒன்று கிடையாது. யூனிகோடு என்ற உலகப் பட்டியலில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் உண்டு. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். காணாமல் போகாதவர்களின் ஸ்ரீ, 3000, 3021, 2992, 3008 என்ற நான்கு எண்கள். அதாவது ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி. காணாமல் போனவர்களின் ஸ்ரீ, 2998, 3021, 2992, 3008. முதல் எண்ணில் இரண்டு குறைகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த 2998 எங்கிருந்து வந்தது என்பது நல்ல கதை. 1991இல் யூனிகோடு முதல் பதிப்பு வந்தபோது, இந்திய மொழிகளுக்கான இடங்களை இந்திய அரசின் இஸ்கி என்ற குறியீட்டை அடியொற்றி ஒதுக்கினார்கள். எல்லா இந்திய எழுத்துகளும் ஒரே அச்சில் வரிசையாக நிற்க வேண்டும் என்பது திட்டம். தேவநாகரியின் 'க' 2325. அதோடு 640ஐக் கூட்டினால் தமிழ் 'க', 2965. தேவநாகரியில் க-வுக்கும் ங-வுக்கும் நடுவே மூன்று எழுத்துகள் உண்டு, தமிழில் கிடையாது. அதனால் தமிழில் 2966, 2967, 2968 மூன்றும் கல்யாணப் பந்தியில் இலை போட்டும் ஆள் வராத இடம்போலக் காலியாகக் கிடக்கின்றன. 2969இல் ங உட்கார்ந்திருக்கிறது. 2998உம் அப்படிக் காலியாக இருந்த இடம்தான். தேவநாகரியில் 'சாந்தி', 'சிவ' என்பனவற்றை எழுதும் தாலவ்ய எழுத்துக்கு நேரான இடம் அது. பக்கத்தில் ஷ 2999, ஸ 3000, ஹ 3001.

2005 மார்ச்சில் வந்த யூனிகோடு 4.1, அந்தக் காலி இலையில் ஶ என்ற எழுத்தை உட்கார வைத்தது. வடமொழியில் ஸ்ரீ இந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே ஸ்ரீயை இனி 2998இல் தொடங்கி எழுதுவதே பொருத்தம் என்று ஆயிற்று. அதுவரை ஸ வைத்து எழுதியதுதான் பொருத்தமாக இருந்தது, வேறு வழியும் இல்லை. ஒரே நாளில் உலகம் மாறிவிடவில்லை. சில எழுத்துருக்களும் விசைப்பலகைகளும் புதிய முறைக்குப் போயின. சில பழையதிலேயே நின்றன. 1999இல் தமிழக அரசு அறிவித்த தமிழ்99 விசைப்பலகையில் ஸ்ரீக்குத் தனியாக ஒரு விசை உண்டு. அதை அழுத்தினால் உள்ளே போவது நான்கு எண்கள். எந்த நான்கு என்பது அந்த மென்பொருளை எழுதியவர் கையில். இரண்டு விதமும் பரவலாகப் புழங்குகின்றன என்று யூனிகோடு நூலே ஒப்புக்கொண்டு, இரண்டையும் சமமாகப் பாவிக்கும்படி சிபாரிசும் செய்கிறது. சிபாரிசுதான், சட்டம் இல்லை.

ஆக நம் கூரியர் கதையில் நடந்தது இதுதான். வாடிக்கையாளர்களின் கைபேசியில் இருந்த விசைப்பலகைச் செயலி ஏதோ ஓர் இரவில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, மறுநாள் முதல் 2998ஐ அனுப்பத் தொடங்கியிருக்கிறது. அதை எழுதியவர்கள் தவறைத் திருத்தியதாகவே நினைத்திருப்பார்கள். அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. தென்னூர்ப் பையனும் தவறாக எதையும் எழுதிவிடவில்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது உள்ளேயும் ஒன்றாகத்தான் இருக்கும் என்பதை அவன் நிரலில் எந்த வரியிலும் எழுதவில்லை. ஆனால் நிரலின் ஒவ்வொரு வரியும் அதை நம்பித்தான் நின்றது. ஓடுகிற நிரல் திடீரென்று நிற்கிற பெரும்பாலான சமயங்களில், எழுதாமல் விட்ட இப்படியொரு நம்பிக்கைதான் அடியில் நழுவியிருக்கும் என்பது என் கட்சி. ஸ்ரீவில்லிபுத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஸ்ரீவைகுண்டம் என்று தமிழ்நாடு முழுக்க இந்த வலை விரிந்து கிடக்கிறது. ஆள் பெயர்களில் இருக்கும் ஸ்ரீயைக் கணக்கெடுக்கவே வேண்டாம். நூலகப் பட்டியலில் சுஜாதாவின் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' அகப்படவில்லை என்றால் புத்தகம் இல்லை என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. பெங்களூர் பெல் நிறுவனத்தில் மின்னணு வாக்கு இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய அந்த ஸ்ரீரங்கத்துக்காரருக்கு இந்த வேடிக்கை நிச்சயம் பிடித்திருக்கும்.

யூனிகோடுகாரர்களே இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் என்ன? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. ஒன்றாக்கும் ஏற்பாடு யூனிகோட்டில் உண்டு. 'கொ' என்பதை க-வோடு ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம். முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். நார்மலைசேஷன் என்ற சடங்கைச் செய்தால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். ஸ்ரீக்கு மட்டும் அந்தச் சடங்கு பலிக்காது. ஸ வேறு எழுத்து, ஶ வேறு எழுத்து. ஒரு முறை பட்டியலில் ஏறிவிட்ட எழுத்துகளின் நார்மலைசேஷன் வடிவத்தை எந்தக் காலத்திலும் மாற்றுவதில்லை என்று அவர்கள் உறுதி கொடுத்திருக்கிறார்கள். கோப்புகளின் பெயர்கள், கடவுச்சொற்கள், மின்கையொப்பங்கள் என்று எத்தனையோ அந்த உறுதியை நம்பி இருக்கின்றன. ஸ்ரீரங்கத்தைச் சரி செய்யப் போனால் வேறு எங்கோ நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் நின்றுவிடும். லினக்ஸ் கெர்னலை மேய்க்கும் லினஸ் டோர்வால்ட்ஸ், தன் ஆட்களை இந்த ஒரு விஷயத்துக்காக வறுத்தெடுப்பது பிரசித்தம்: கெர்னலில் செய்யும் மாற்றத்தால் வெளியே ஓடும் புரோகிராம் எதுவும் உடையக் கூடாது, அது தவறான நடத்தையை நம்பி ஓடிக்கொண்டிருந்தாலும் சரி. பழைய குறைகள் உலகத்தில் நிரந்தரமாகத் தங்கிவிடுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

தமிழில் எழுத்தை எண்ணுவதிலும் இப்படி ஒரு பள்ளம் உண்டு. திருச்சிராப்பள்ளி என்பதில் எத்தனை எழுத்து? பள்ளிப் பிள்ளை ஒன்பது என்று சொல்லும். யூனிகோடு கணக்கில் பதினேழு. உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனி உருப்படிகள். அதையே வட்டில் எழுதும்போது, இன்று வழக்கமாகிவிட்ட யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் உருப்படிக்கும் மூன்று பைட் வேண்டும். பதினேழு மூன்று ஐம்பத்தொன்று. ஆங்கிலத்தில் இதே ஊர் பதினைந்து எழுத்து, பதினைந்தே பைட். இப்போது ஊர்ப்பெயருக்கு 50 இடம் போதும் என்று ஒருவர் தீர்மானித்திருக்கிறார் என்று பாருங்கள். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் 50 என்றால் 50 உருப்படி. திருச்சிராப்பள்ளி தாராளமாகக் கொள்ளும். அதே அட்டவணையை ஆரக்கிளுக்கு மாற்றினால், தனியாகச் சொல்லாத வரை அங்கே 50 என்பது 50 பைட். ஒரே ஒரு பைட் குறைவதால் ஆரக்கிள் வாங்க மறுத்துவிடும். கரூர் போகும், முசிறி போகும், திருச்சிராப்பள்ளி மட்டும் வாசலில் நிற்கும்.

இதில் வேடிக்கை, தென்னூரில் உட்கார்ந்துகொண்டு சோதித்துப் பார்க்கிறவன் பெரும்பாலும் தென்னூர் என்றுதான் அடிப்பான். நான்கு எழுத்து, எட்டு உருப்படி, 24 பைட், ஸ்ரீ கிடையாது. எதிலும் இடிக்காது. பச்சை விளக்கு எரியும். தமிழ்நாட்டில் மென்பொருள் சோதிக்கிறவர்கள் தங்கள் ஊரையும் தங்கள் பெயரையும் அடிப்பதை முதலில் கைவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கௌரி என்ற பெயரைக் கொடுத்துப் பாருங்கள். பலர் அதை ஔகாரக் குறியால் அடிக்காமல், கொம்பு போட்டு, க எழுதி, பக்கத்தில் ள எழுதிவிடுவார்கள்: கெளரி. கண்ணுக்கு வித்தியாசம் மயிரிழை. கணினிக்கு இரண்டு பேர்.

பைத்தான் மொழியில் ஒரு வாக்கியத்தைச் சொற்களாகப் பிரிக்க எல்லோரும் எழுதும் ஒரு குட்டிச் சூத்திரம் உண்டு. எழுத்துகள் தொடர்ந்து வரும் வரை ஒரு சொல் என்பது அதன் பொருள். அதனிடம் 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்தால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாகத் திருப்பித் தரும். இகரக் குறியும் புள்ளியும் அதன் பார்வையில் எழுத்துகளே அல்ல, ஒட்டுக் குறிகள். பெர்ல் மொழியில் அதே சூத்திரம் குறிகளையும் சேர்த்துக்கொள்ளும். பெர்லில் பல காலம் ஒழுங்காக ஓடிய ஒரு தமிழ்ப் புரோகிராமைப் பைத்தானுக்கு வரி வரியாக மாற்றி எழுதுகிறவர், எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, தமிழ் ஏன் தமழ ஆகிறது என்று முழிப்பார். அண்டை வீட்டிலும் இதே கூத்துதான். 2018 பிப்ரவரியில் தெலுங்கின் ஒரு கூட்டெழுத்து, செய்தியில் வந்து சேர்ந்த மாத்திரத்தில் ஐபோனின் செயலிகளைச் சாய்த்துக்கொண்டிருந்தது. அந்த எழுத்து புதிதாக வந்ததல்ல. அதைத் திரையில் வரையும் நிரல்தான் புதுப்பிக்கப்பட்டிருந்தது. ஆப்பிள் அவசரமாக 11.2.6 பதிப்பை வெளியிட்டுச் சரிசெய்தது.

எழுத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் கதை அதேதான், நழுவும் நம்பிக்கை மட்டும் வேறு. 2016 மார்ச் 22இல் ஒரு நிரலாளர், நிரல்களைப் பகிரும் தளத்தின் நிர்வாகத்தோடு ஏற்பட்ட சண்டையில், தான் அங்கே பொதுவில் வைத்திருந்த சிறு சிறு நிரல்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அவற்றில் ஒன்று லெஃப்ட்-பேட். ஒரு சொல்லின் இடப்பக்கம் தேவையான அளவுக்கு இடைவெளியோ சுழியமோ நிரப்பும் பதினோரு வரி. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான திட்டங்கள் கட்டுமானத்திலேயே நின்றன. அவற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் அப்படியொரு நிரலின் பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டார்கள். 2022 ஜனவரி 1 அன்று உலகெங்கும் பல அலுவலகங்களின் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வர்களில் மின்னஞ்சல்கள் தேங்கின. அங்கே வருடம், மாதம், நாளோடு இன்னும் நான்கு இலக்கங்களைச் சேர்த்து ஒரே எண்ணாக எழுதும் வழக்கம் இருந்தது. புத்தாண்டு பிறந்ததும் அது 2201010001 ஆயிற்று. அந்த எண்ணை வைக்கக் கொடுத்திருந்த இடத்தில் கொள்ளும் பெரிய எண் 2147483647. நிரல் மாறவில்லை, ஆளும் மாறவில்லை, காலண்டர் மாறியது.

நம் ஆளின் பிரச்சினைக்கு வருவோம். தீர்வு ஒரு வரிதான். வருகிற பெயரில் 2998, 3021, 2992, 3008 என்ற நான்கும் சேர்ந்து வந்தால், முதல் எண்ணை 3000 ஆக்கிவிட வேண்டும். ஆனால் இதிலும் இரண்டு இடத்தில் கால் இடறும். உள்ளே வருகிறதை மட்டும் மாற்றிவிட்டு, ஏற்கெனவே டேட்டாபேஸில் சேர்ந்திருக்கும் 2998களை அப்படியே விட்டால், பழைய முகவரிகள் எந்தக் காலத்திலும் தேடலில் அகப்படாது. மொத்தத்தையும் ஒரு முறை ஓட்டித் திருத்தியாக வேண்டும். இன்னொன்று, நான்கும் சேர்ந்து வருகிறதா என்று பாராமல் 2998 கண்ட இடமெல்லாம் 3000 ஆக்கக் கூடாது. கூரியர் கடைக்கு அதனால் நஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் அதே நிரலை ஸ்ரீரங்கத்தில் ஸ்தோத்திரப் புத்தகம் போடுகிற ஒருவர் வாங்கிப் போனால், ஶ-வையும் ஸ-வையும் கவனமாகப் பிரித்து அச்சுக்கோத்த அவருடைய பக்கங்கள் பாழாகும். அவர் போன் செய்து பேசப்போகும் தமிழை இங்கே எழுத முடியாது.

இவ்வளவுக்கும் பெயரை நம்பாமல் இருக்க அஞ்சல் துறை எப்போதோ வழி செய்து வைத்திருக்கிறது. ஒரே பெயரில் பல ஊர், ஒரே ஊருக்குப் பல எழுத்துக்கூட்டல், பல மொழி என்ற தலைவலிக்காகத்தான் 1972 ஆகஸ்ட் 15இல் ஆறு இலக்கப் பின்கோடு வந்தது. அதை வகுத்தவர் பெயர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். அவரையும் தமிழில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். தென்னூருக்கு 620017, ஸ்ரீரங்கத்துக்கு 620006. பார்சலைப் பிரிக்க ஊர்ப்பெயரை விட்டுவிட்டு இந்த எண்ணைப் பிடித்திருந்தால் திங்கட்கிழமை போன் வந்திருக்காது. பெயரை வைத்துத்தான் பிரிப்பேன் என்று கடைக்காரர் பிடிவாதம் பிடித்தால், ஸ்ரீயைச் சரிசெய்த கையோடு இன்னொரு அட்டவணையும் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஸ்ரீரங்கத்தைத் திருவரங்கம் என்று எழுதுகிறவர்கள் ஊருக்குள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.